பேடா, சேவலா? முதுகைப் பாருங்கோ

சந்தையில் "எல்லாம் பேடுதான் தம்பி" என்று தந்த ஆறு ஊர்க்கோழிக் குஞ்சில் நாலு, பிறகு விடிய நாலு மணிக்கே கூவத் தொடங்கிவிட்டன. இப்போது நான் பார்த்துத்தான் வாங்குவேன். ஆறு, எட்டுக் கிழமையில் தலைப் பூ (கொண்டை) பெருத்துச் சிவந்து, காலும் தடித்திருந்தால் அநேகமாகச் சேவல். பேட்டின் பூ அப்போதும் சின்னதாக, வெளிறித்தான் இருக்கும், ஆனால் சில இனங்களில் இது ஏமாற்றிப்போடும். மூன்று மாதமளவில் வாலடிக்குச் சற்று முன்னால் முதுகு இறகை விரலால் விலக்கிப் பாருங்கோ: ஒடுங்கி, நுனி கூராகி, மினுங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் சரிந்து தொங்கினால் சேவல், நுனி வட்டமாக இருந்தால் பேடு. கழுத்து இறகும் அப்படித்தான். காலின் பின்பக்கம் வளரும் கூர் முள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதேங்கோ, சில பேட்டுக்கும் அது வரும்.