ஸ்க்ரப் டைபஸ்: புதர்க்காட்டில் ஜவான்கள் செய்யும் தவறுகள்

ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தவன் என்பதால், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து பக்கம் முதல்முறை போஸ்டிங் போகும் தம்பிகள், புதர்ப் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலைப் பற்றி என்னிடம் யோசனை கேட்பார்கள். எங்கள் காலத்தில் நடந்த அதே தவறுகள் இன்னும் நடக்கின்றன. குளி, துவை என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தோலுக்கு க்ரீம், துணிக்கு ஒன்றுமில்லை

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். கொசுவை மனதில் வைத்து முகத்துக்கும் கைக்கும் டீட் என்ற பூச்சி விரட்டியைப் பூசிக்கொள்கிறார்கள். இந்த நோயைப் பரப்புவதோ புல்நுனியில் காத்திருக்கும் மைட் லார்வா, அதாவது உண்ணி இனத்துச் சிறு பூச்சியின் குஞ்சு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அது பறக்காது, பூட்ஸில் ஒட்டி, பேன்ட் வழியே ஏறி, துணி இறுகும் இடமாகப் பார்த்து, பெல்ட்டுக்கு அடியிலோ தொடை இடுக்கிலோ கடிக்கும். அது வரும் வழி முழுக்கத் துணிதான், மருந்து இருக்க வேண்டியதும் அங்கேதான். இரண்டாம் உலகப் போரிலேயே நியூகினியில் ஆஸ்திரேலிய வீரர்கள் டைபியூட்டைல் தாலேட் என்ற பூச்சி மருந்தைச் சீருடையில் தேய்த்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். இப்போது துணியில் அடிக்க பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்து இருக்கிறது, அதையும் அரைகுறையாகச் செய்கிறார்கள். ஒரு பையன் ரோந்துக்குக் கிளம்பும் நேரத்தில் போட்டிருந்த சட்டை மேலேயே ஸ்ப்ரே அடித்துக்கொண்டான், பேன்ட்டையும் சாக்ஸையும் தொடவில்லை. பத்து நாளில் காய்ச்சல், அப்புறம் மூச்சுத்திணறல். பெல்ட்டுக்குக் கீழே சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு இருந்தது. பிழைத்தான், ஆனால் பல நாள் ஆக்சிஜனில் கிடந்தான். துணியைக் கழற்றித் தொங்கவிட்டு, ஈரமாகும்வரை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். சாக்ஸும் பேன்ட் விளிம்பும் கட்டாயம். தோலில் பெர்மெத்ரின் அடிக்காதீர்கள், தோலுக்குத்தான் டீட். ஸ்ப்ரேயின் பலன் சுமார் 6 வாரம்தான், அதற்குள் பலமுறை துவைத்தால் முன்பே அடித்துவிடுங்கள்.

பேன்ட்டை வெளியே விடுவது

பூட்ஸுக்குள் சொருகுங்கள். அவ்வளவுதான்.

கைவிட்ட ஜூம் நிலத்தில் கேம்ப்

மரமில்லை, சமதளம், டென்ட் அடிக்க வசதி என்று தோன்றும். ஜூம் என்றால் காட்டை வெட்டிப் பயிர்செய்வது, அப்படிச் செய்து விட்ட நிலத்தில் மீண்டும் முளைக்கும் புதரும், அங்கே பெருகும் எலியும்தான் இந்தப் பூச்சிக்கு உகந்த இடம். வேறு வழியில்லை என்றால் புல்லைத் தரையோடு வெட்டி அகற்றுங்கள், வெறும் தரையில் படுக்காதீர்கள்.

மாத்திரை இருக்கிறதே என்ற தைரியம்

வாரம் ஒருமுறை 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தடுப்பாக உதவும். அதை மருத்துவ அதிகாரி முடிவு செய்யட்டும். துணி மருந்துக்கு அது மாற்று இல்லை. தடுப்பூசியும் கிடையாது.

லீவில் வரும் காய்ச்சல்

கடித்து 6 முதல் 21 நாள் கழித்துக்கூடக் காய்ச்சல் தொடங்கலாம், அதற்குள் ஊருக்கு வந்திருப்பீர்கள். வேலூர்ப் பக்கம் டாக்டர்களுக்கு இந்த நோய் நன்றாகப் பழக்கம், எல்லா ஊரிலும் அப்படி இருக்காது. எந்தக் காட்டில் இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள், இடுக்குகளில் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பென்சிலின் வகை ஊசிகள் இந்தக் கிருமியிடம் எடுபடாது, டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் வேண்டும்.