பெரிய கம்பெனி ஆர்டர் வந்தா, பர்ச்சேஸ் ஆர்டருக்கு (பிஓ) முன்னாடி அவங்க ஆனுவல் ரிப்போர்ட்டுல ரிஸ்க் பக்கத்த படிங்க

நம்ம கோயமுத்தூருல கணபதி, சின்னவேடம்பட்டி, அரசூர், குறிச்சி பக்கம் சின்னதா பட்டறை வெச்சு சிஎன்சி, ஷீட்மெட்டல்னு ஜாப்வொர்க் ஓட்டறவங்களுக்குத்தான் இத எழுதறேனுங்க. லிப்ட்டு, ஏசி, ரயில் மோட்டாரு, டிரான்ஸ்பார்மரு, பேனலுன்னு எல்லாமே பண்ற ஒரு பெரிய கம்பெனில இருந்து வெண்டார் கோடு, அதாவது சப்ளையரா பதிஞ்ச நம்பரு, கெடச்சிருச்சுன்னு வெய்ங்க, அடுத்த வாரமே பேங்குல போயி புது மெஷினுக்கு லோன் கேட்டு உக்காந்துக்கறோம். பொண்ணு குடுக்கறதுன்னா ஏழு ஊரு ஒரம்பரைய விசாரிக்கற நாம, வருசக்கணக்குல கடனுக்கு சரக்கு அனுப்பப் போற எடத்த ஒரு நா கூட விசாரிக்கறதில்ல. நானும் 2021 வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அப்ப ஒரு கம்பெனிக்கு கண்ட்ரோல் பேனல் பொட்டி 300 அடிச்சுக் குடுக்கற ஆர்டர். சீட்டு வெட்டி, வளச்சு, வெல்டு போட்டு, பவுடர் கோட்டிங் முடிச்சு 180 பொட்டி ரெடி. போன் வருது, "இப்ப லோடு ஏத்தாதீங்க, உள்ள வெக்கற கண்ட்ரோலர் போர்டு வரல"ன்னு. உலகம் பூரா சிப்பு தட்டுப்பாடு இருந்த வருசம் அது, மார்ச்சுல ஜப்பான்ல ரெனேசாஸ்ங்கற சிப்பு கம்பெனியோட நாகா பேக்டரில தீப்பிடிச்சது வேற. நம்ம பொட்டி வெறும் தகரம், அதுல ஒரு சிப்பும் கெடையாது, ஆனா போர்டு இல்லாம பேனல் போகாது, பேனல் போகாம பொட்டி போகாது. உள்ள எடமில்லாம வாசல்ல தார்ப்பாய் போட்டு அடுக்குனோம். ஐப்பசி மழ புடிச்சுக்கிச்சு. கதவுக் கீல் பக்கம் ஸ்பாட் வெல்டு போட்ட எடமெல்லாம் கோட்டிங் கொப்புளம் மாதிரி தூக்கிக்கிச்சு, நெகத்தால சுரண்டுனா உள்ள செவப்பா துரு. தை மாசம் லாரி வந்துச்சு, இன்ஸ்பெக்சன்ல 37 பொட்டி ரிஜெக்ட். ஏனுங்க, வெச்சிருங்கன்னு சொன்னதே நீங்கதானுங்களேன்னா, டெலிவரி வரைக்கும் சப்ளையர் பொறுப்புன்னு பிஓ-ல இருக்குதாம்.

அதுக்கப்பறம் ஒரு ராத்திரி வெசனம் தாங்காம அவங்க ஆனுவல் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தேன். சில பாகங்கள் ஒரே சப்ளையர நம்பியிருக்கு, அங்க நின்னா எங்க உற்பத்தியும் நிக்கும்னு முந்தின வருசமே தெளிவா எழுதி வெச்சிருக்காங்க. ஊருக்கே சொல்லிட்டுத்தான் செஞ்சிருக்காங்க, படிக்காதது நாந்தான்.

சரி, எங்க கெடைக்கும்? கம்பெனி ஷேர் மார்க்கெட்டுல இருந்தா அவங்க வெப்சைட்டுல இன்வெஸ்டர்ஸ் பக்கத்துல பிடிஎஃப் இருக்கும், அதுல மேனேஜ்மென்ட் டிஸ்கஷன் பகுதிக்குள்ள ரிஸ்க்ஸ் அண்ட் கன்சர்ன்ஸ்னு ஒரு தலைப்பு வரும். ஜப்பான் கம்பெனின்னா அங்கத்த தாய்க் கம்பெனி ரிப்போர்ட்டுல பிசினஸ் ரிஸ்க்ஸ்னே தனியா பல பக்கம் இருக்கும். இங்க இருக்கறது லிஸ்ட் ஆகாத பிரைவேட் லிமிடெட்டா? கம்பெனிகள பதிவு பண்ற மத்திய அமைச்சகத்தோட எம்சிஏ போர்ட்டல்ல 100 ரூபா கட்டுனா அவங்க தாக்கல் பண்ணுன பேலன்ஸ் சீட்ட பாக்கலாம். முன்னூறு பக்கத்தையும் படிக்க வேண்டாமுங்க, சேர்மன் சிரிக்கற போட்டோ எல்லாம் தள்ளீருங்க.

மொதல்ல பாக்க வேண்டியது செக்மென்ட் டேபிள், எந்த டிவிசன் எவ்வளவு சம்பாதிக்குது, எது நட்டம்னு. பத்து தொழில் இருந்தா ஒண்ணு படுத்தாலும் ஒம்பது தாங்கும்னு நம்ம நெனப்பு. அது பாதிதான் நெசம். டோஷிபா கதைய பாருங்க, நாம டிவி, லேப்டாப்புன்னு பாத்த அதே கம்பெனி. 2006-ல வெஸ்டிங்ஹவுஸுங்கற அமெரிக்க அணு உலை கம்பெனிய 540 கோடி டாலருக்கு வாங்குனாங்க. ஜார்ஜியாவுலயும் சவுத் கரோலினாவுலயும் ரெண்டு ரெண்டு உலை கட்டற வேல, செலவு எகிறிக்கிட்டே போச்சு. நடுவுல 2015-ல பல வருசமா லாபத்த கூட்டிக் காட்டுனது வெளிய வந்து தலைவர் ராஜினாமா. 2017 மார்ச்சுல வெஸ்டிங்ஹவுஸ் மஞ்ச நோட்டீஸு. அந்த ஓட்டைய அடைக்க எத வித்தாங்க தெரியுங்களா, நட்டத்துல ஓடுனத இல்ல, நல்லா சம்பாதிச்சுக்கிட்டு இருந்த மெமரி சிப்பு தொழில, 2018-ல, கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி யென்னுக்கு. 2023 டிசம்பர்ல 74 வருசமா இருந்த ஷேர் மார்க்கெட்ட விட்டே போயிட்டாங்க. சிப்பு டிவிசனுக்கு சரக்கு குடுத்தவன் அணு உலைய பத்தி எதுக்கு ரோசனை பண்ணுவான் சொல்லுங்க.

அதனால உங்க பில்லுக்கு பணம் போடற டிவிசன் மட்டும் லாபமான்னு பாத்தா பத்தாது. கூட இருக்கற இன்ப்ரா புராஜக்ட் டிவிசன்ல ஃபிக்ஸட் பிரைஸ் காண்ட்ராக்ட் எவ்வளவுன்னு தேடுங்க. மெட்ரோ, பவர் பிளான்ட், தண்ணித் திட்டம் எல்லாம் இப்ப வெல பேசி நாலஞ்சு வருசம் கழிச்சு முடிக்கறது, அதுக்குள்ள காப்பர், ஸ்டீல் வெல ஏறுனா யாரு தலைல விழும்? வெல ஏறுனா ரேட்ட கூட்டிக்கலாம்ங்கற பிரைஸ் வேரியேஷன் கிளாஸ் இருக்குதுன்னா பரவால்ல. இல்லீன்னா அந்த ஏத்தத்த உங்ககிட்ட ரேட்டு கொறைக்கச் சொல்லித்தான் சரிக்கட்டப் பாப்பாங்க.

வாரண்டியும் இதே மாதிரிதான். பல்லடம், உடுமலை பக்கம் போனா காத்தாடி நிக்குது பாருங்க, அந்த மாதிரி மெஷின வித்துட்டு வருசக்கணக்குல பொறுப்பு எடுத்துக்கறாங்க. சீமென்ஸ் எனர்ஜிக்கு 2023-ல அவங்க கேமசா கம்பெனி காத்தாலைல கோளாறு தெரிஞ்சு அந்த நிதியாண்டுல மட்டும் சுமார் 460 கோடி யூரோ நட்டம்.

அப்பறம் நோட்ஸ் பகுதில ரெண்டே ரெண்டு எடம். ஒண்ணு கன்டின்ஜென்ட் லயபிலிடி, அதாவது பின்னாடி தலைல விழலாம்ங்கற கடன், கோர்ட்டு கேஸு, வரி தகராறு, பேங்க் கேரண்டி எல்லாம் அங்க ஒளிஞ்சிருக்கும். போன வருசத்துக்கு இந்த வருசம் எகிறியிருந்தா ஏன்னு விசாரிங்க. இன்னொண்ணுதான் நமக்கு தங்கம், டிரேட் பேயபிள்ஸ் ஏஜிங், சப்ளையருக்கு தர வேண்டிய பாக்கி எத்தன நாளா நிக்குதுங்கற டேபிளு. 2021-22 கணக்குல இருந்து எம்எஸ்எம்இ-ங்கற சின்ன யூனிட்டுகளுக்கு தர வேண்டிய பாக்கிய தனியா பிரிச்சு ஒரு வருசத்துக்குள்ள, ஒண்ணு ரெண்டு வருசம், ரெண்டு மூணு, அதுக்கும் மேலன்னு கம்பெனிக காட்டியே ஆகோணும். அந்த ரெண்டு வருசத்துக்கு மேலங்கற கட்டத்துல எல்லாம் நம்பர் இருந்துச்சுன்னா நம்மள மாதிரி எவனோ ஒருத்தன் ரெண்டு வருசமா போன் பண்ணிக்கிட்டு இருக்கான்னு அர்த்தமுங்க. ரிஸ்க் பக்கத்துல இங்கிலீஷ்ல எவ்வளவு இனிப்பா எழுதுனாலும் இந்த டேபிள் பொய் சொல்றது கஷ்டம்.

ரிஸ்க் பக்கத்த படிக்கறப்ப இந்த வருசத்தையும் போன வருசத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. பூகம்பம், கரன்சி, சைபர் அட்டாக், ஆள் பத்தாதுன்னு எல்லா வருசமும் ஒரே பாட்டு வரும், அத விட்டுருங்க. புதுசா சேந்த வரி எது, "நடக்கலாம்"னு இருந்தது "நடந்துச்சு"ன்னு மாறியிருக்குதா, அதத்தான் பென்சில்ல கோடு போடோணும். அதுக்காக வெளிநாட்டு வரி, சண்டைன்னு வர்றத சும்மா எழுதறாங்கன்னு நெனச்சுராதீங்க. 2025 ஆகஸ்ட்டுல அமெரிக்கா நம்ம நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டப்ப பக்கத்து திருப்பூரே ஆடிப் போச்சுதல்ல.

இதெல்லாம் படிச்சிட்டு ஆர்டரே வேண்டாம்னு ஓடச் சொல்லல, பிஓ-ல மாத்த வேண்டியத மாத்துங்கன்னு சொல்றேன். லேட்டானா புடிக்கற எல்டி எத்தன சதவீதம், அதுக்கு உச்சவரம்பு இருக்குதா, பில்லுல புடிச்சு வெக்கற ரிடென்ஷன் எப்ப திரும்ப வரும்னு கேளுங்க. கஸ்டமர் குடுத்தாத்தான் உனக்குன்னு பேக்-டு-பேக் வரி இருந்தா அத எப்படியாவது அடிக்கப் பாருங்க, அவங்க மெட்ரோ லேட்டானதுக்கு நாம ஏனுங்க காத்திருக்கோணும்? எம்எஸ்எம்இ-ன்னு பதிஞ்ச உத்யம் நம்பர ஒவ்வொரு பில்லுலயும் அடிங்க. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுன்னா எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லீன்னா 15 நாள்தான், தாண்டுனா ரிசர்வ் பேங்க் பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி. 2023-24ல இருந்து அந்தக் கெடு தாண்டுனா, பணத்த எந்த வருசம் குடுக்கறாங்களோ அந்த வருசம்தான் அத வருமான வரிக் கணக்குல செலவா காட்ட முடியும், அதனால மார்ச் மாசம் அக்கவுண்ட்ஸ்ல இருந்து அவங்களே போன் பண்ணுவாங்க. 250 கோடிக்கு மேல டர்ன்ஓவர் இருக்கற கம்பெனிக ட்ரெட்ஸ்ங்கற பில்லுக்கு பணம் குடுக்கற ஆன்லைன் தளத்துல சேந்திருக்கோணும், சேந்திருக்காங்களான்னு பர்ச்சேஸ்ல கேட்டுட்டு நீங்களும் சேருங்க, பில்ல அங்க தள்ளி பணத்த முன்னாடியே எடுத்துக்கலாம். சட்டத்த காட்டி சண்ட போட்டா அடுத்த ஆர்டர் வராதுன்னு பயம் எல்லாருக்கும் இருக்குது, எனக்கும் இருக்குது, அதனாலதான் மொதல்லயே பேசோணும்கறேன்.

நான் ஒரு கம்பெனிக்கு என் ஓட்டத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல குடுக்கறதில்ல. கொட்டேசன்ல கடைசியா ஒரு வரியும் சேத்துட்டேன், சரக்கு ரெடின்னு மெயில் போட்டு 15 நாள்ல எடுக்கலீன்னா பொட்டிக்கு ஒரு நாளைக்கு 20 ரூபா வாடக, துருப்பிடிச்சா நாங்க பொறுப்பில்ல. இதுவரைக்கும் மூணு பேருக்கு அனுப்பியிருக்கேன். ஒருத்தர் பேனாவுல அந்த வரிய அடிச்சுட்டு கையெழுத்து போட்டு அனுப்புனாரு, ஒருத்தர் 15-அ 30 ஆக்கிட்டு ஒத்துக்கிட்டாரு, மூணாவது ஆளு கேட்டா லீகல்ல இருக்குதுங்கறாரு, ஆச்சு நாலு மாசம்.