வீட்டுப் பொடிக்கு லேபிள் செய்வது எப்படி?

போன தீபாவளிக்கு வீட்டிலிருந்தே இட்லிப் பொடி ஆர்டர் எடுத்தேன். லேபிளில் பாட்டியின் பெயரைத் தங்க நிறத்தில் பெரிதாகப் போட்டு, 'இட்லிப் பொடி' என்பதை எறும்பு மாதிரி கீழே வைத்திருந்தேன். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி பாட்டிலை எடுத்தார், உலுக்கினார், "டீத்தூளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அன்றிரவே லேபிளை மாற்ற உட்கார்ந்தேன்.

1. முதலில் தாளும் பேனாவும். என்ன பொருள், எதோடு சாப்பிடுவது, யார் செய்தது: இதே வரிசையில் எழுதுங்கள். பிராண்ட் பெயரைப் பெரிதாகப் போடுவது ஊரறிந்த கம்பெனிக்குச் சரி. நம்மை யாருக்கும் தெரியாது. புதிதாக ஒன்றைப் பார்த்தால் மனம் தெரிந்த ஒன்றோடு அதைச் சேர்த்துவிடும். பழுப்புத் தூள், கறுப்பு மூடி, தங்க எழுத்து என்றால் டீத்தூள்தானே ஞாபகம் வரும்! 'இட்லிப் பொடி' என்பதைப் பெரிதாக்கி, பொடி தடவிய இட்லிப் படம் ஒன்று சேர்த்தேன். பாட்டிலை மேசையில் வைத்து நாலடி தள்ளி நின்று படித்துப் பார்த்தேன். ஆன்ட்டி இந்த முறை "இட்லிக்கா?" என்றார். இரண்டு பாட்டில் வாங்கினார்.

2. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். சில மென்பொருளில் 'பொ' உடைந்து கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அச்சுக்கு அனுப்பும் பிடிஎஃபைப் பெரிதாக்கிப் பாருங்கள். பளபள ஸ்டிக்கர் வேண்டாம், விளக்கொளியில் எழுத்தே தெரியாது. மேட் ஸ்டிக்கர்தான் என் தேர்வு. சிங்கப்பூரில் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் அச்சுக் கடைகள் உண்டு.

3. வகைகளைக் குறையுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், கடையில் சுவைத்துப் பார்க்க 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதம் பேரே வாங்கினார்கள். 6 வைத்தபோது 30 சதவீதம். பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இப்படி வரவில்லை. ஆனாலும் ஒன்பது பொடியை நான்காக்கிய பிறகு, "எது நல்லா இருக்கும்?" என்று தயங்கி நிற்பவர்கள் குறைந்தார்கள்.

4. பின்பக்க விவரம் சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்: பொருள், எடை, முகவரி, ஒவ்வாமை தரக்கூடியவை. சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: "பெருங்காயத்தைக் கவனித்தீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். என் கூட்டுப் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், கோதுமை மாவு! குளூட்டன் (கோதுமை போன்றவற்றில் இருக்கும் புரதம்) உள்ள தானியத்தைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். மீதி லேபிள்களைக் கிழித்துவிட்டு மறுபடி அச்சடித்தேன்.