வைஸ் தரவை வைத்து கருந்துளைத் தூசைக் கண்டுபிடிப்பது எப்படி?

மும்முரமாக இரை விழுங்கும் ராட்சதக் கருந்துளையைச் சுற்றிப் பெரும்பாலும் நிறைய தூசு இருக்கும். உள்ளிருந்து வரும் புற ஊதாக் கதிரை வாங்கிச் சூடாகும் அந்தத் தூசு, அதை அகச்சிவப்பாகத் திருப்பி விடும். இதைக் கண்டுபிடிக்கத் தொலைநோக்கி தேவையில்லை. இணைய இணைப்பும் கழித்தல் கணக்கும் போதும்.

1. எந்த அலைநீளம் என்று முடிவு செய்யுங்கள்

2898-ஐ கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், ஒரு பொருள் எந்த மைக்ரானில் (மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அதிகம் ஒளிரும் என்று தெரியும். சுமார் 1500 கெல்வினில் தூசு ஆவியாகிவிடும். ஆக, மிகச் சூடான தூசுக்கு 1.9 மைக்ரான், 300 கெல்வின் தூசுக்கு 9.7. இதற்குத் தோதான தரவு நாசாவின் வைஸ் விண்கலத்துடையது. 2009 டிசம்பரில் ஏவப்பட்ட அது, முழு வானத்தையும் 3.4, 4.6, 12, 22 மைக்ரான்களில் படமெடுத்தது. இந்த நான்கும்தான் டபிள்யூ1 முதல் டபிள்யூ4 வரை.

2. தரவை எடுங்கள்

கால்டெக்கில் உள்ள ‘இர்சா’ காப்பகத்தில் வைஸ் தரவின் ‘ஆல்வைஸ்’ பட்டியலைத் திறந்து, 3சி 273 என்ற குவேசாரின் (இரை விழுங்கும் கருந்துளையால் மிகப் பிரகாசமாக ஒளிரும் மையம்) பெயரைக் கொடுங்கள். தேடல் ஆரம் 10 வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி) போதும். பிரபலமான என்ஜிசி 1068 விண்மீன் மண்டலத்தை நான் இங்கே எடுக்கவில்லை. அது மிகவும் பிரகாசம். பிரகாசத்தைக் குறிக்கும் எண்தான் பொலிவெண்; பிரகாசம் கூடக் கூட அது சிறியதாகும். டபிள்யூ1-இல் 8-ஐவிடச் சிறிய பொலிவெண் வந்தாலே உணரி நிறைவுற்றுவிடும்.

3. தரத்தைப் பாருங்கள்

தரக் குறியீட்டில் ‘ஏ’ இருக்க வேண்டும். பக்கத்து நட்சத்திர ஒளியால் வரும் கோளாறைக் காட்டும் குறிகள் 0 ஆக இருந்தால் நல்லது.

4. கழியுங்கள்

டபிள்யூ1 பொலிவெண்ணிலிருந்து டபிள்யூ2 பொலிவெண்ணைக் கழியுங்கள். சாதாரண நட்சத்திரங்களுக்கு விடை 0-ஐ ஒட்டியே இருக்கும். சூடான தூசு 4.6 மைக்ரானில் கூடுதலாக ஒளிர்வதால் டபிள்யூ2 எண் சிறியதாகி, விடை ஏறும். 2012-இல் டேனியல் ஸ்டெர்ன் குழுவினர் சொன்ன எல்லை 0.8. 3சி 273 அதைத் தாண்டும்.

அப்புறம், எம்87 என்ற விண்மீன் மண்டலத்துக்கும் இதையே செய்து பாருங்கள். அங்கே இருப்பது சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை. ஆனாலும் விடை 0-க்கு அருகில்தான் வரும், ஏனென்றால் இப்போது அது உண்பது மிகக் குறைவு. இந்த ஒப்பீடு எனக்கு மிகவும் பிடித்தது: நாம் அளப்பது கருந்துளையை அல்ல, சூடான தூசை.

5. அவசரப்படாதீர்கள்

நம் அருகில் உள்ள குளிர்ந்த பழுப்புக் குறுமீன்களும் (நட்சத்திரமாகும் அளவுக்கு நிறை இல்லாத பொருள்கள்) 0.8-ஐத் தாண்டும். அதனால் அந்த இடத்தின் படத்தையும், கிடைத்தால் நிறமாலையையும் பாருங்கள்.

இன்னொன்று, தூசின் வடிவத்தை இந்த எண் சொல்லாது. வைஸின் கூர்மை சுமார் 6 வில்விநாடி. என்ஜிசி 1068-இன் தொலைவில் அது ஆயிரம் ஒளியாண்டுக்கும் மேல். தூசின் உட்பகுதியோ பத்து ஒளியாண்டு அளவுதான். அதைப் பிரித்துப் பார்க்க, சிலியின் பரனால் மலையில் பல தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். 2004-இல் அப்படித்தான் என்ஜிசி 1068-இல் 800 கெல்வினுக்கு மேலான தூசும், அதைச் சுற்றி 320 கெல்வின் தூசும் தெரிந்தன. பாடநூல்கள் உளுந்து வடை வடிவில் ஒரு வளையம் வரைந்திருக்கும். ஆனால் சர்சினஸ் விண்மீன் மண்டலத்தில் 2014-இல் பார்த்தபோது, அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதி வளையத்திலிருந்து அல்ல, அதற்குக் குறுக்கே துருவத் திசையில் நீண்டிருந்த தூசிலிருந்து வந்தது.

ஆகவே 0.8-ஐத் தாண்டினால், குறிப்பேட்டில் ‘சூடான தூசு இருக்கலாம்’ என்று மட்டும் எழுதுங்கள்.