அதிசயப் பொருள் அலமாரி பாணியில் கண்காட்சியா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சங்கு, தந்தம், காசு, பாடம் செய்த முதலை என்று கிடைத்ததையெல்லாம் ஒரே அறையில் சேர்த்து வைத்தார்கள். அதுதான் அதிசயப் பொருள் அலமாரி. சென்னையில் புதிதாகக் கண்காட்சி அமைக்க வருகிறவர்கள் பலருக்கு இந்தப் பாணி மேல் ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் நாங்கள் ஒரு காலத்தில் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, கோணலான விளக்கு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானே கண்ணில் படும்.

குவித்து வைப்பது

நெருக்கம் வேறு, குவியல் வேறு. கோபன்ஹேகன் மருத்துவர் ஓலே வோர்ம் சேகரிப்பின் படம் 1655-இல் அச்சான நூலில் இருக்கிறது. பார்க்க நெரிசலாகத் தெரியும். நூலோ கனிமம், தாவரம், விலங்கு, மனிதர் செய்தது என நான்காகப் பிரித்துப் பேசுகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் 1741-இல் ஒழுங்குபடுத்தி முடித்த அறையும் அப்படித்தான். நம் தரங்கம்பாடியிலிருந்து போன பொருட்களும் அங்கே உண்டு. எது எதன் பக்கத்தில், ஏன் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் அந்தத் தட்டைக் கலைத்துவிடுங்கள்.

புது பிளைவுட், இறுக மூடிய கண்ணாடி

இதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். பழைய அலமாரித் தோற்றம் வேண்டும் என்று பிளைவுட்டில் பெட்டி செய்து, மேலே தேக்கு வெனீர் ஒட்டி, வார்னிஷ் அடித்து, கண்ணாடியால் மூடிவிடுகிறார்கள். பிளைவுட், எம்.டி.எஃப். என்னும் மரநார்ப் பலகை, அவற்றை ஒட்டிய பசை, வார்னிஷ் எல்லாமே அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு ஆவிகளை விடக்கூடியவை. காற்று வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் அந்த ஆவி சேர்ந்துகொண்டே போகும். சென்னையின் ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஈ.சி.ஆர். பக்கம் ஒரு தனியார் கூடத்தில் நடந்தது இது. ஒரு தட்டில் சங்கும் சோழியும், அடுத்த தட்டில் சாதவாகனர் ஈயக் காசுகள். திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "வாசனை போகல சார், இன்னும் ரெண்டு வாரம் திறந்து போடுங்க" என்று ஆசாரியே சொன்னார். யாரும் கேட்கவில்லை, ஓரமெல்லாம் சிலிக்கான் பூசி அடைத்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் சோழிகள் மேல் வெள்ளைப் பொடி. பூஞ்சை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார்கள். பொடி போனது, பளபளப்பும் போனது. நகத்தால் தொட்டால் சாக்பீஸ் மாதிரி சொரசொரப்பு. காசில் இருந்த யானை வெள்ளை மாவுக்குள் மறைந்துவிட்டது. சங்கின் சுண்ணாம்பை அமிலம் தின்று உப்பாக்கிவிட்டது. தின்றது திரும்பாது.

"அந்தக் காலத்து அலமாரியும் மரம்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம், அப்போதும் இது நடந்தது. அலமாரிகளில் சிப்பிகள் அரிக்கப்படுவதைப் பற்றி பைன் என்பவர் 1899-லேயே எழுதினார். அவர் பாக்டீரியா மேல் பழி போட்டார். உண்மையான காரணம் அமில ஆவி என்பது பிறகு தெரிந்தது.

சரி, என்ன செய்யலாம்? உள்பெட்டியை பவுடர் கோட்டிங் செய்த உலோகத்திலும் கண்ணாடியிலும் செய்யுங்கள். மரம் வெளிமுகத்துக்கு மட்டும் போதும். உள்ளே மரம் தவிர்க்க முடியாததென்றால் அலுமினியத் தாள் சேர்ந்த தடுப்புப் படலத்தால் முழுக்க மூடுங்கள். பெட்டி செய்யச் சந்தேகமான பொருளை ‘ஆடி’ (Oddy) என்ற சோதனைக்கு அனுப்புங்கள்: அதன் துண்டு ஒன்றை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடும் கொஞ்சம் தண்ணீரோடும் மூடிய குழாயில் 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் வைப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் வேண்டாம். அந்த 28 நாளை முதல் நாள் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள்.

கம்பளி விரிப்பு

வெள்ளிப் பொருளுக்கு அடியில் வேண்டாம். கம்பளியில் கந்தகம் உண்டு, வெள்ளி கறுத்துப்போகும்.

வெளிச்சம்

ஓலைச்சுவடிக்கும் துணிக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) போதும்.

எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குவது

நாட்டிலஸ் போன்ற ஓடுள்ள சில கடலுயிர்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. பாடம் செய்த விலங்குக்கும் உரிமைச் சான்று வேண்டும். தொல்பொருளுக்கு அதே ஆண்டு வந்த தனிச் சட்டம் இருக்கிறது. காகிதம் கைக்கு வந்த பிறகு பெட்டிக்கு அளவு எடுங்கள்.