முகம் பொருந்தாததல்ல சிக்கல், பூட்டு

புது வேலைக்கு யுஏஎன் எண் (வருங்கால வைப்பு நிதிக்கான அடையாள எண்) எடுக்க, அரசின் உமங் செயலியில் ஆதார் முக அங்கீகாரம் மூன்று நாளாகத் தோல்வி. ஓடிபி சரியாக வந்தது; முகப்படம் எடுத்ததும் நின்றுவிடும்.

கண்ணாடியைக் கழற்றினேன், ஜன்னல் வெளிச்சத்தில் நின்றேன், முகப்படம் எடுக்கும் ஆதார் ஃபேஸ்ஆர்டி செயலியை அழித்து மறுபடி நிறுவினேன், வேறு போனிலும் பார்த்தேன். பலனில்லை.

விடை கிடைத்தது ஆதாரின் எம்ஆதார் செயலியில் உள்ள அங்கீகார வரலாற்றில். தோல்வியான ஒவ்வொரு வரியிலும் பிழை எண் 330. முகமோ ரேகையோ பொருந்தாவிட்டால் 300 வரும். 330 என்றால் அட்டைதாரரே பயோமெட்ரிக்கைப் பூட்டியிருக்கிறார். கைரேகை மோசடிக்குப் பயந்து முன்பு பூட்டியிருந்தேன். அந்தப் பூட்டு ரேகை, கருவிழி, முகம் மூன்றையும் தடுக்கும், ஓடிபியைத் தடுக்காது. அதனால்தான் பாதி வழி போய் நின்றது.

எம்ஆதாரில் தற்காலிகத் திறப்பைத் தேர்ந்தெடுத்தேன். கிடைப்பது 10 நிமிடம், பிறகு தானே பூட்டிக்கொள்ளும். ஆகவே உமங்கில் விவரங்களைத் தயாராக வைத்துவிட்டுத் திறங்கள். முதல் முயற்சியிலேயே எண் வந்தது, அப்பாடா என்றிருந்தது.

பூட்டை நிரந்தரமாக எடுக்காதீர்கள். மனிதவளப் பிரிவுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரையே கொடுத்தேன்.