பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே சப்வூஃபர்

ஆழமான, கனத்த ஒலியை (பேஸ்) மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர். அதை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் வாட்ஸ் கணக்கைத்தான் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் கண் பெட்டியில் இருக்கட்டும். அதில் காற்று போகும் ஓட்டை இருக்கிறதா?

ஓட்டை இல்லாத மூடிய பெட்டியில் அடி விழுந்ததும் சத்தம் சட்டென்று அடங்கும். ஓட்டை வைத்த போர்ட்டட் பெட்டி அளவில் பெரிது. 20-30 ஹெர்ட்ஸ் பக்கம் (எண் குறையக் குறைய ஒலி ஆழமாகும்) கூடுதலாக அதிரும். படத்தில் கட்டடம் சரியும்போது சோபா நடுங்க வேண்டுமென்றால் அதுதான். ஆனால் பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான்; பாட்டுக்கு அதற்குக் கீழே அதிகம் தேவைப்படாது. பாட்டே அதிகம் கேட்பவர், அறையும் 10க்கு 12 அடி என்றால் என் ஓட்டு மூடிய பெட்டிக்கு. சின்ன அறை தானாகவே பேஸைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். பெரிய ஹாலுக்கு போர்ட்டட்.

கடையில் வெடிச் சத்தம் போட்டுக் காட்டினால் மயங்காதீர்கள். நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பேஸ் ஸ்வரங்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எல்லாம் ஒரே 'தொம்' என்றால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மூலையில் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் சப்வூஃபரை வைத்து ஓடவிட்டு, அறையைச் சுற்றித் தவழ்ந்து பாருங்கள். வீட்டார் சிரிப்பார்கள், பரவாயில்லை. பேஸ் சீராகக் கேட்கும் இடம்தான் பெட்டிக்கான இடம். அப்புறம் ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியை அனுப்பும் ஆம்ப்ளிஃபயர்) கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்து, இரண்டு எல்லைகள் மோதாமல் இருக்க பெட்டியில் இருக்கும் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள்.